கால அட்டவணையைக் கேளுங்கள்

அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரித் திட்டத்தில் சேர்ந்தால், பள்ளிப் பட்டயம் இல்லாவிட்டாலும் பெல் உதவித்தொகைக்கு (பண வசதி குறைந்த மாணவர்களுக்கு அந்நாட்டு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பணம்) விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுக் கல்விக் கடன் மட்டும் கிடையாது.

திட்டத்தில் குறைந்தது பாதியாவது மற்ற மாணவர்களோடு சேர்ந்த வகுப்பாகவோ வேலைப் பயிற்சியாகவோ இருக்க வேண்டும். சறுக்குவது இங்கேதான்: கையேட்டில் 'ஒருங்கிணைந்த' என்றிருக்கும், பிள்ளைகள் நாள் முழுக்கத் தனி அறையில் இருப்பார்கள். ஒரு வாரத்துக் கால அட்டவணையை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண்ணுக்கான பாடமா, வெறுமனே கேட்டுப் படிப்பதா என்பதையும், எந்த ஒப்படைப்பை எப்படி எளிதாக்குவது என்பதையும் பருவம் தொடங்குமுன் பேராசிரியரோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். துணை மாணவர் (உதவிக்கு உடனிருக்கும் சக மாணவர்) குறிப்பெடுக்க உதவலாம், வீட்டுப்பாடத்தை அவரே எழுதித் தந்தால் (நல்ல மனசுதான்!) காரியம் கெட்டது.

பெற்றோருக்கு இன்னொன்று: மாணவர் கையெழுத்திட்டு ஒப்புதல் தராவிட்டால், கல்லூரி உங்களிடம் மதிப்பெண் விவரம் சொல்லாமல் போகலாம்.