தேயிலையின் தலைமேல் போட்ட ரோட்டு

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மெயின் ரோட்டிலிருந்து மேல் டிவிசனில் கட்டப்போகும் ஏழு பேர்ச் காணி வீடுகள் வரைக்கும் 640 மீட்டர் ரோட்டு ஒன்று வடிவமைக்க வேண்டும். ட்ரோனில் லிடார் (லேசரால் தரையை அளப்பது) எடுத்து முடிந்திருந்தது. டேட்டாவை ரோட்டு வடிவமைக்கும் சிவில் த்ரீடி மென்பொருளில் போட்டால் தரை வந்துவிடும், ரோட்டின் நடுக்கோடான அலைன்மென்ட்டை இழுத்து இரண்டு கிழமையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு கிழமை போனது.

வந்த ஹார்ட் டிஸ்க்கில் நாலு எல்ஏஇசட் பைல், ஒரு ஜியோடிஃப் (கட்டத்துக்கு ஓர் உயரம் கொண்ட படம்). எந்தக் கோர்டினேட், எந்த உயரம் என்று ஒரு வரி எழுத்துக் கிடையாது. ட்ரோன் விட்டவர்களைக் கேட்டேன், "எல்லாம் உள்ளேயே இருக்கு" என்றார்கள்.

எல்ஏஇசட் என்பது எல்ஏஎஸ் என்ற லேசர் புள்ளிப் பைலை அமுக்கிச் சுருக்கியது. சிவில் த்ரீடிக்கு இரண்டுமே நேரே ஆகாது, ரீகேப் என்ற இன்னொரு மென்பொருளில் கொடுத்து ஆர்சிஎஸ் பைலாக்க வேண்டும். என்னிடமிருந்த ரீகேப் எல்ஏஎஸ்ஸை எடுக்கும், எல்ஏஇசட்டைத் தொடாது. லாஸ்ஸிப் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் விரித்தேன். 260 எம்பியாக இருந்தது 1.6 ஜிபி ஆனது. 22 ஹெக்டேருக்கு நாலு கோடியே நாற்பது லட்சம் புள்ளி.

அத்தனையையும் அப்படியே ரீகேப்பில் தள்ளி, சிவில் த்ரீடியில் சர்பஸ் (தரையின் முப்பரிமாண மாதிரி) கட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது லெப்டொப் விசிறி இரைந்துகொண்டிருந்தது. ராத்திரிதான் முடிந்தது. அடுத்த நாள் டிடபிள்யூஜி வரைபடப் பைலை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போய், எஞ்சினியர் முன்னால் திறந்தால் சர்பஸ் இல்லை. சர்பஸ் பெரிதானால் சிவில் த்ரீடி அதை வரைபடத்துக்குள் வைக்காமல் பக்கத்தில் எம்எம்எஸ் என்று தனி பைலாக எழுதிவிடும். அது என் வீட்டு லெப்டொப்பில் பத்திரமாக இருந்தது. அன்று பஸ் காசு தண்டம்.

அப்புறம்தான் ஒழுங்காகத் தொடங்கினேன். எல்ஏஎஸ்ஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகை எண் இருக்கும்: 2 தரை, 3 முதல் 5 வரை செடி கொடி மரம், 6 கட்டடம், 7 அடியில் விழுந்த பிழைப் புள்ளி. பைலின் தலைப்பகுதியையும் இந்த எண்ணிக்கையையும் லாஸ்இன்ஃபோ என்ற சிறு கருவி காட்டிவிடும். முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் லயத்துக் (தொழிலாளர் குடியிருப்பு) கூரைகளையும் யூக்கலிப்டஸ் உச்சிகளையும் சேர்த்துத் தரை கட்டியிருக்க மாட்டேன். கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் 2ஐ மட்டும் பிரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டேன். சிவில் த்ரீடியில் எந்தப் பகுதிப் புள்ளிகளை எடுப்பது என்று சொல்லும் டேட்டா கிளிப் எல்லையை முதலில் போட்டு, புள்ளிகளை அதற்குப் பிறகு சேர்த்தேன். வரிசை மாறினால் அந்த எல்லையால் பிரயோசனம் இல்லை.

அடுத்தது இடம். என் கையில் மூன்று தாள். தோட்டத்துப் பழைய பிளானில் ரோட்டு முனையிலுள்ள பாலத்தின் கிழக்கு எண் 181,000 சொச்சம், வடக்கு 185,000 சொச்சம். புதிய சர்வே பிளானில் அதே பாலம் 481,000, 485,000. லிடாரில் 455,000, 759,000. முதல் இரண்டுக்கும் உறவு சுலபம். பழைய கண்டவல கட்டமும் (இடத்தைக் கிழக்கு, வடக்கு எண்ணால் சொல்லும் முறை) 1999இல் வந்த புதிய கட்டமும் நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகாலவைத்தான் மையமாக வைத்திருக்கின்றன. அந்த மையத்துக்குப் பழையதில் 200,000, புதியதில் 500,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். மறை எண் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மூன்றாவது, உலகம் முழுதும் பயன்படும் யூடிஎம் கட்டத்தின் 44ஆம் வலயம்.

"பாலத்தைப் பிடிச்சு மூவ் பண்ணினா சரிதானே?" என்று ஒபிஸில் ஒரு தம்பி கேட்டான். பாலம் சரியாகத்தான் உட்காரும். ரோட்டின் மறுமுனை உட்காராது. இரண்டு கட்டத்துக்கும் அளவுக் காரணி வேறு, வடக்குத் திசையும் ஒரு மயிரிழை வேறு. 640 மீட்டரில் அது ஒரு முழத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அதனால் மூவை மறந்துவிட்டு, புதிய கட்டத்தின் குறியீடான ஈபிஎஸ்ஜி 5235ஐக் கொடுத்துப் புள்ளிகளையே மாற்றினேன்.

இடம் உட்கார்ந்தது. உயரத்தைப் பார்த்தால் பாலம் 1280 சொச்சத்தில் இருக்க வேண்டியது 1180 சொச்சத்தில் கிடக்கிறது. முழு மலையும் கிட்டத்தட்ட நூறு மீட்டர் இறங்கிவிட்டது! இது யாருடைய கைப்பிழையும் இல்லை. ஜிபிஎஸ் கொடுக்கும் உயரம் கணக்குக்காக வைத்த நீள்வட்டப் பூமியிலிருந்து எடுத்தது, கடல் மட்டத்திலிருந்து எடுத்தது அல்ல. உலகத்திலேயே இந்த இரண்டும் ஆக அதிகமாக விலகி நிற்கும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, நூறு மீட்டரைத் தாண்டும். நாமும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் இருக்கிறோம். வேறு நாட்டுக்காரர் போடும் பயிற்சி வீடியோக்களில் இந்த வித்தியாசம் இருபது, முப்பது மீட்டராக வரும், அதனால் ஆரம்பத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. ஜியொயிட் (கடல் மட்ட) மாதிரியைக் கழித்து, மிச்சமிருந்த சில சென்டிமீட்டரை நாலு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்துச் சரிசெய்தேன்.

இனி ரோட்டுதான் என்று நினைத்தேன். கொன்டூர் (சம உயரக் கோடு) போட்டுப் பார்த்தபோது ஓரிடம் உறுத்தியது. சரிவில் நேர்கோடாக, அளந்து வெட்டியது மாதிரி, அரை மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரு வரம்பு ஓடியது. கல்லுக்கட்டாக இருக்குமோ, அப்படியானால் உடைக்கும் செலவையும் போட வேண்டுமே என்று, லெவல் பார்க்கும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் போய் நின்றால் வரம்பும் இல்லை, கட்டும் இல்லை. மேல் லயத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் இறங்கி வந்தார்.

"என்னா தம்பி தேடுறீங்க?"

"இந்த இடத்துல ஒரு வரம்பு இருக்கணும் தாத்தா."

"வரம்பெல்லாம் இல்ல. இந்தப் பக்கம் ஏழாம் நம்பரு மலை, அந்தப் பக்கம் எட்டாம் நம்பரு. எட்டுல கவ்வாத்து வெட்டி நாலு மாசந்தான் ஆவுது."

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. ட்ரோன் பறந்தபோது எட்டில் வெறும் கட்டை நின்றது, லேசர் தரையைத் தொட்டது. ஏழில் செடிகள் ஒன்றோடொன்று பின்னி மேசை மாதிரிப் படர்ந்திருந்தன. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அந்த மட்டம் எவ்வளவு சீராக இருக்கிறதோ, அவ்வளவுக்கு லிடாருக்கு அது தரை. தரைப் புள்ளிகளைப் பிரித்த மென்பொருள் தேயிலையின் தலையையே 2 என்று முத்திரை குத்திவிட்டது.

அன்றைக்கே உயரம் பார்க்கும் ஓட்டோ லெவல் கருவியை வைத்துப் பார்த்தோம். ஒற்றையடிப் பாதையில் லிடாரும் லெவலும் ஐந்து சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போயின. பாதையை விட்டுத் தேயிலைக்குள் கால் வைத்ததும் அறுபது, அறுபத்தைந்து, எழுபது சென்டிமீட்டர் வித்தியாசம். ரோட்டில் 400 மீட்டர் தேயிலைக்குள்ளேதான் போகிறது. ஆறு மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் பார்த்தால் இல்லாத மண் 1,560 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 550 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி), மூன்று கியூப் டிப்பரில் 180 லோடுக்கு மேல். பில் ஒரு பக்கம் இருக்கட்டும், ரோட்டின் மட்டமே அந்தரத்தில் நின்றிருக்கும்.

கிளவுட்கம்பேரில் துணி வடிகட்டி என்று ஒன்று உண்டு. மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே ஒரு துணியைப் போட்டால் எங்கெங்கே படியுமோ, அதைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் துணியிலிருந்து அரை மீட்டருக்குள் இருப்பதெல்லாம் தரை என்பதுதான் அதில் முன்கூட்டி வைத்திருக்கும் எண். அந்த அரை மீட்டருக்குள் பாதிச் செடி வந்துவிடும். செங்குத்துச் சரிவு என்று தெரிவுசெய்து, எண்ணை 0.15க்கு இறக்கினேன். வித்தியாசம் இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு வந்தது, அதற்குக் கீழே போகவில்லை. அடர்ந்த தேயிலைக்குள் லேசர் இறங்காத இடத்தில் வடிகட்ட அடிப் புள்ளியே கிடையாது.

மிச்சத்தைக் காலால்தான் செய்தோம். இருபது மீட்டருக்கு ஒரு குறுக்கு, ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, மொத்தம் 63 இடம். அண்ணன் லெவலில், நான் அளவுகோல் ஸ்டாஃபோடு செடிகளுக்கு நடுவே. அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்தும் பிரயோசனமில்லை. பகல் இரண்டு மணிக்கு மேல் மழை, மூன்று நாள் இழுத்தது. அப்புறம் தேயிலைப் பகுதியை லிடார் சர்பஸிலிருந்து கழற்றிவிட்டு, லெவல் புள்ளிகளும் துணி வடிகட்டியில் மிஞ்சிய ஆக அடிப் புள்ளிகளும் சேர்த்துத் தனி சர்பஸ் கட்டி, முதலாவதன் மேல் ஒட்டினேன். கான்களின் (வடிகால்களின்) விளிம்பும் நிஜமான கல்லுக்கட்டுகளும், தரை மடியும் இடத்தைக் காட்டும் பிரேக்லைனாகப் போயின.

ஜியோடிஃப் பெரிதாகப் படுத்தவில்லை. ஓடை வரைக்கும் தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்க்க அது போதும். ஆனால் டேட்டா இல்லாத கட்டங்களில் இருந்த -9999ஐ உயரம் என்று எடுத்துக்கொண்டு, பூமிக்குள் பத்துக் கிலோமீட்டர் குழி தோண்டி வைத்திருந்தது. வெற்று உயரம் -9999 என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் குழி மறைந்துவிடும்.

கடைசியாகக் கொந்தராத்துக்காரரின் சர்வேயருக்கு வடிவமைப்பை லேண்ட்எக்ஸ்எம்எல் பைலாக அனுப்பினேன். அதில் வடக்கு எண் முதலில், கிழக்கு எண் இரண்டாவது. அவருடைய மென்பொருள் மாற்றிப் படித்தது. வேறு நாடென்றால் புள்ளி கடலில் விழுந்து உடனே தெரியும். நம் கட்டத்தில் இரண்டு எண்ணும் நாலு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். மாற்றிப் போட்டால் ரோட்டு பொகவந்தலாவைப் பக்கம் ஏதோ ஒரு மலையில் போய், பார்க்க நியாயமாகவே உட்காருகிறது. மூன்று நாள் போனில் வாதாடினோம். பாலத்து எண்ணை இருவரும் சத்தமாக வாசித்தபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஐந்து நிரல் எழுத்துப் பைல், தலைப்பில் தமிழிலேயே வடக்கு, கிழக்கு.

போன செவ்வாய்க்கிழமை முளை அடித்தோம். 320 மீட்டர் முளை சரியாக ஏழாம் நம்பரில் ஒரு செடியின் நடுவில் விழுந்தது. தாத்தாதான் கிளையை விலக்கிப் பிடித்தார், அண்ணன் அடித்தார். உயரத்தைப் பார்த்தோம், மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். "சரி, அடுத்தது" என்றார் அண்ணன்.