அவன் பார்க்காத வீடு

மதுரையில் வாடகை வீட்டில் இருந்தவரை அவன் ஜெர்மனியில் இருப்பது இவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. அந்தத் தெரு முழுக்க அவன் இருந்தான், அதுதான் காரணம். முக்குக் கடையில் டீ குடித்தது, தம்பியைக் கூப்பிடுகிற சாக்கில் எங்கள் வாசலுக்கு எதிரே பைக்கை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது, நான் பால்கனியில் துணி காயப்போடுகிற மாதிரி நின்றது என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று இருக்கும். அவன் ஜெர்மனியில் மாக்டெபுர்க் என்ற ஊருக்குப் படிக்கப் போன பிறகும் அந்தத் தெரு எனக்குத் துணையாக இருந்தது.

இப்போது பாளையங்கோட்டையில் சொந்த வீடு. அப்பா ரிட்டயர் ஆனதும் ஊரிலேயே கட்டிவிட்டார், ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். நல்ல வீடு. அப்பாவின் மொத்த சர்வீஸும் இந்தச் சுவர்களில்தான் இருக்கிறது, குழாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர், அம்மாவுக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு நல்ல அடுப்படி. எனக்கென்று தனி அறைகூட உண்டு. ஆனால் இந்த வீட்டில் ஒரு இடத்தில்கூட அவன் இல்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் எதுவும் ஞாபகம் வருவதில்லை. பிரிவு என்றால் நினைவு வந்து வாட்டும் என்றுதான் சொல்வார்கள். எனக்கு நினைத்துக்கொள்ள ஒரு மூலை இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை.

வந்த புதிதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. சாமான் வந்து சேராத காலி வீடு, ஜன்னலுக்குத் திரைகூடப் போடவில்லை, என் அறையில் மெல்ல "சாப்டியா?" என்று கேட்டால் அது ஹாலில் பெரிதாகக் கேட்கும். ஹாலில் அப்பா. அதனால் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிக்னலும் நன்றாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் அதுவும் போனது. அப்புறம் பீரோ, கட்டில், மெத்தை எல்லாம் வந்து, அம்மா திரை தைத்து மாட்டி, வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உள்ளே வாங்கிக்கொள்ளத் தொடங்கியது. வீடு நிறைவதில் அம்மாவுக்கு ஒரு சந்தோஷம், எனக்கு இப்படி ஒரு சந்தோஷம்.

நேரம் வேறு மாறிவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிடுகிறது. அவன் லேப் முடித்து ஐந்து மணிக்கு வெளியே வந்தால் முன்பு எனக்கு எட்டரை, அப்பா டிவியில் செய்தி பார்க்கிற நேரம், பயமில்லாமல் பேசலாம். இப்போது ஒன்பதரை. அப்பா கேட்டைப் பூட்டி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுத்திருப்பார், தெருவில் நாய் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. இந்த டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. டிராமுக்குக் காத்திருந்தபடி பேசுவான், பின்னால் ஒரே இருட்டு, வாயிலிருந்து புகையாக மூச்சு. சாப்பிட்டானா, கையுறை போட்டிருக்கிறானா என்று கேட்பதற்குள் டிராம் வந்துவிடும்.

போன ஞாயிறு ஆச்சி சொதி வைத்தாள். தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் காயும் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். திருநெல்வேலியில் இது மாப்பிள்ளைச் சொதி, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைப்பது. "இந்த வீட்டுல அடுத்த தடவ உன் மாப்பிளைக்குத்தான் வைப்பேன்" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே பரிமாறினாள். அம்மா என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் உறுதியானது. நான் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, அழுகை வராமல் சாப்பிட்டு எழுந்தேன்.

அன்றிரவு வீடியோவில் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். எந்த ஜன்னலில் காலை வெயில் வரும், அடுப்படிக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். வாசலுக்கு வந்ததும், "வர்றவங்க செருப்ப எங்க விடுவாங்க?" என்றான். படிக்கு இடது பக்கம் என்று காட்டினேன். சரி என்று தலையாட்டினான். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இப்போது அவன் ஞாபகம் வருகிறது. வீட்டில் அவனுக்கென்று கிடைத்த முதல் இடம் அது.

அவன் தீசிஸ் மார்ச்சில் முடியும். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வருகிறேன் என்கிறான், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் அரை நாள்கூட ஆகாது பாளைக்கு. அதற்கு முன்னால் அப்பாவிடம் நான் பேசியாக வேண்டும். அவன் எங்கள் ஆட்கள் இல்லை, அப்பா முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். வருத்தப்படுவார், சில நாள் என்னோடு பேசாமலும் இருப்பார். ஆனால் யாரோ சொல்லி அவர் காதுக்குப் போவதைவிட என் வாயால் கேட்பது அவருக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதை. அம்மாவைத் தூது விடப்போவதில்லை. பொங்கலுக்கு வருகிற அத்தை வீட்டார் ஊருக்குக் கிளம்பியதும் பேசிவிடுவேன், அப்போது கூடவே இருப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.