வாறன், வருவன்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில், பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் எண்பது தாண்டிய ஒரு சிஞ்ஞோராவின், அதாவது அம்மையாரின், வீட்டில் வேலை செய்கிறேன். ஞாயிறு காலையில் காப்பி குடித்த கையோடு, மெல்பேர்னில் பிறந்து வளர்ந்த பேத்திக்கு அவர் சொல்லச் சொல்ல நான் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் எழுதுவேன். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் இங்கே இதற்குத்தான் உதவுகிறது.

சுகம் விசாரிப்பது சுலபம். விடைபெறும் வரியில்தான் கை நின்றுவிடும். "சி சென்தியாமோ தொமேனிக்கா" என்பார். ஞாயிறு ஒருவர் குரலை ஒருவர் கேட்போம் என்பது கருத்து. யார் போன் எடுப்பது என்று அதில் இல்லை. எங்கட "ஞாயிறு கதைப்பம்" மாதிரியேதான். நான் முதல்முறை "ஐ வில் கால் யூ" என்று எழுதிவிட்டேன். பேத்தி இவர் எடுப்பார் என்று அங்கே நடுச்சாமம் வரை முழித்திருந்தாள். இவர் அவள் எடுப்பாள் என்று போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது "லெட்ஸ் டாக்" என்றுதான் எழுதுகிறேன். யார் எடுப்பது என்றும் கேட்டுச் சேர்த்துவிடுவேன்.

மே மாதம் பேத்தி, "ஐ வில் கம் ஃபார் த ஃபெஸ்தினோ" என்று எழுதினாள். ஜூலை 14 இரவு சாந்தா ரொசாலியாவின் தேர் கடற்கரை வரை போகும் திருவிழா அது. 1624 கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவள் என்று கொண்டாடுகிறார்கள். எங்கட சனமும் பெல்லெக்ரீனோ மலையேறிப் போய்க் கும்பிடும்.

நான் அதை இத்தாலிய மொழியில் "வெர்ரோ", வருவேன், என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். சிஞ்ஞோராவின் முகம் வாடிவிட்டது. "வெர்ரோ?" என்று இரண்டு தரம் கேட்டார். இலக்கணப்படி சரியான எதிர்காலம்தான். ஆனால் சிசிலியில் வீட்டுப் பேச்சில் அதை மிகக் குறைவாகத்தான் கேட்கலாம். நாளைக்கு நடப்பதையும் நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள். "வெங்கோ", வருகிறேன், என்றால் பயணம் சரி. "வெர்ரோ" அவர் காதில் எப்பவோ ஒருநாள்.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் "வருவன்" என்றால் என்ர அம்மா "எப்ப?" என்று கேட்பா. "வாறன்" என்றால் மா இடிக்கத் தொடங்கிவிடுவா.

பேத்தியிடம் கேட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று, 12ஆம் தேதி. "வியேனே, சிஞ்ஞோரா" என்றேன், வருகிறாள் என்று. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து படுக்கை விரிப்புகளை வெளியே எடுத்து வைத்தார். எடுத்தபடியே, "தி அஸ்பெத்தோ என்று எழுது" என்றார். உனக்காகக் காத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் "ஐ கான்ட் வெயிட்" என்பார்கள், காத்திருக்க முடியவில்லை என்று. அதை எழுதிப் பார்த்து அழித்தேன். "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யூ" என்றே அனுப்பினேன்.