டேங்க்ல தண்ணி: தடைக்காலம் முடிஞ்சதும் எங்க போட்டு பட்ட பாடு

மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போன மூணாவது நாளே எங்க போட்டு நடுக்கடல்ல நின்னுடுச்சு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில சும்மா கட்டிக் கிடந்த போட்டு, ஐஸ், டீசல், வலைன்னு கடன வாங்கிப் போட்டுட்டுப் போயிருக்கோம், முதல் ட்ரிப்புலயே இப்படி. முதல்ல சத்தம் தான் மாறுச்சு. சீரா ஓடிட்டிருந்த இன்ஜின் திடீர்னு ஏறி இறங்க ஆரம்பிச்சுது, ஆக்சிலரேட்டர கூட்டினா இழுக்கல, புகை வெள்ளையா வந்துச்சு, ரெண்டு தடவ மிஸ் அடிச்சு அப்படியே அடங்கிடுச்சு. வலை கடல்ல கிடக்கு, இன்ஜின் சத்தமே இல்ல, அலை பலகையில அடிக்கிறது மட்டும் கேக்குது. வயித்தக் கலக்கிடுச்சுங்க.

டிரைவர் அண்ணன் டீசல் ஃபில்டர மாத்தி ஏர் எடுத்தாரு (லைன்ல சிக்கின காத்த வெளிய விடுறது), ஸ்டார்ட் ஆச்சு. ஒரு மணி நேரத்துல திரும்ப நின்னுச்சு. கையில இருந்த ரெண்டாவது ஃபில்டரும் போச்சு, கடைசியில பக்கத்து போட்டுக்காரங்க கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஃபில்டர் அடைச்சா ஃபில்டர மாத்துறதோட நம்ம வேலை முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்கிறோம் பாருங்க, அங்க தான் தப்பு பண்றோம்.

கரைக்கு வந்ததும் ஒரு காலி தண்ணி பாட்டில காய வச்சு எடுத்து, டீசல்லேர்ந்து தண்ணியப் பிரிக்கிற செபரேட்டருக்கு அடியில இருக்குற டிரெயின் ஸ்க்ரூவ தொறந்து பிடிச்சேன். பத்து நிமிஷம் அசைக்காம வச்சா தெளிவா தெரிஞ்சுது, டீசல் தண்ணிய விட லேசு இல்லையா, அதனால அடியில நாலு விரக்கடை தண்ணி, மேல டீசல், ரெண்டுக்கும் நடுவுல டீயில ஆடை படியிற மாதிரி கறுப்பா ஒரு படலம். அது அழுக்கு மட்டும் இல்ல, உயிருள்ள கிருமி. தண்ணியும் டீசலும் சேர்ற எல்லையில தான் அது வளரும், ஃபில்டர அடைக்கிறதே அந்தக் கொழகொழப்பு தான்.

எல்லாரும் பங்க்காரன திட்டினாங்க, அப்பாவும் தான். பெரியப்பா மட்டும் "மொதல்ல அது என்ன தண்ணின்னு பாருடா"ன்னாரு. மேல இருந்த டீசல ஊத்திட்டு, அடித்தண்ணிய ரெண்டு ஸ்பூன் எவர்சில்வர் மூடியில விட்டு வெயில்ல வச்சாரு. சாயங்காலம் பாத்தா மூடி பூரா வெள்ளையா பொரிஞ்சு கிடக்கு. உப்பு! மழைத்தண்ணியோ டேங்க் வேர்த்த தண்ணியோ இப்படி உப்புப் பூக்காது, அப்ப கடல் தண்ணி தான் உள்ள இறங்கியிருக்கு. எங்கேர்ந்து? டீசல் ஊத்துற மூடியோட ரப்பர் நல்லா தான் இருந்துச்சு. டேங்கோட ஏர் பைப்ப பாத்தோம், பெயிண்ட் அடிக்கிறதுக்காக யாரோ அந்த வளைஞ்ச மூக்க கடல் பக்கமா திருப்பி விட்டுட்டு அப்படியே போயிருக்காங்க. அலை தெறிக்கிறப்பெல்லாம் நேரா டேங்குக்குள்ள போயிருக்கு.

ஆனா அந்தக் கறுப்பு மூணு நாள்ல படியாதுங்க, அது எங்க தப்பு. தடைக்காலத்துல அரை டேங்கோட கட்டிப் போட்டோம். பகல்ல சூடாகி ராத்திரி குளிரும்போது டேங்க் மேல்பாதியில இருக்குற காத்து வேர்த்து சொட்டு சொட்டா இறங்கும், 61 நாளும் அது நடந்திருக்கு.

டேங்க சுத்தம் பண்ண ஒரு நாள் முழுசா போச்சு. டீசல மொத்தமா இறக்கி, மேன்ஹோல தொறந்து காத்தாட விட்டு, நூல் பிரியாத காட்டன் துணியால துடைச்சோம் (பஞ்சு வேஸ்ட் வேணாம், அந்த நூலே அப்புறம் லைன அடைக்கும்). லைனையும் ஊதி, ஃபில்டர் எல்லாத்தையும் புதுசா போட்டோம். அப்புறம் ஏர் எடுக்கணும், அவசரப்படக் கூடாது. ஃபில்டர் மேல இருக்குற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கை பம்ப்ப அடிச்சுக்கிட்டே இருந்தா மொதல்ல நுரை வரும், அப்புறம் குமிழியா வரும், குமிழியே இல்லாம டீசல் வர்ற வரைக்கும் அடிச்சு டைட் பண்ணணும், அடுத்து டீசல அழுத்தி அனுப்புற இன்ஜெக்ஷன் பம்ப்ல அதே மாதிரி, கடைசியா இன்ஜினுக்குள்ள டீசல பீச்சுற நாசிலோட லைன் நட்ட அரை சுத்து லூஸ் பண்ணி செல்ஃப விட்டு விட்டு அடிக்கணும். அங்க மட்டும் கைய கிட்ட கொண்டு போயிடாதீங்க, அந்தப் பிரஷர்ல டீசல் தோலுக்குள்ளயே இறங்கிடும், அது சாதாரண காயம் இல்ல.

இன்ஜெக்ஷன் பம்ப் வரைக்கும் தண்ணி போயிருந்தா நாளைக்குப் பாக்கலாம்னு போட்டுட்டுப் போகாதீங்க. உள்ள டீசல அழுத்தித் தள்ளுற பிளஞ்சருக்கு டீசல் தான் எண்ணெய், இடைவெளி மைக்ரான் கணக்கு, உப்புத்தண்ணி நின்னா துருப் பிடிச்சு ஜாம் ஆயிடும். எங்களுக்கு நல்ல நேரம், தப்பிச்சோம்.

போட்டுக்கு வெளிப்பக்கம் மாட்டுற பெட்ரோல் அவுட்போர்டு இன்ஜின் வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு தொல்லை, எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணிய இழுத்துக்கும், அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கிடும்.

ஏர் பைப்ப உள்பக்கமா திருப்பி இன்னும் ஒரு முழம் உசத்திட்டோம். தினமும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிரைவர் அண்ணன் செபரேட்டர்லேர்ந்து ஒரு கிளாஸ் பிடிச்சுப் பாக்குறாரு, மொத ரெண்டு நாள் கொஞ்சம் தண்ணி வந்துச்சு, இப்ப சுத்தமா டீசல் தான். அடுத்த தடைக்காலத்துக்கு கழுத்து வரைக்கும் டீசல் ரொப்பிட்டுத் தான் கட்டணும்னு அப்பாகிட்ட இப்பவே சொல்லிட்டேன். அவ்ளோ காச ரெண்டு மாசம் டேங்க்லயே முடக்கணுமான்னு யோசிச்சாரு, அப்புறம் அந்த எவர்சில்வர் மூடிய ஒரு தடவ பாத்துட்டு சரின்னாரு.