379 மனுவும் ஒரு நோட்டீஸ் போர்டும்

போன மாதம் ஒரு வழியாக உத்தரவு வந்துவிட்டது. எங்கள் வீட்டு வழக்கில் பொய் ஆவணத்தைத் தாக்கல் செய்து, அது உண்மைதான் என்று அபிடவிட்டும் (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) போட்டவர் மீது நீதிமன்றமே புகார் அனுப்பப்போகிறது. 379ஆம் பிரிவில் மனு போட்டு இந்த ஒரு வரியை வாங்கப் பதினேழு மாதம் அலைந்தேன். அதில் பாதி, விவரம் தெரியாமல் வீணானது.

வீடு காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில். முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு என்று முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். நான்கு பங்கு. எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, மலேசியாவில் ஈப்போவில் வேலையாக இருந்தவர், 2011இல் தவறிவிட்டார். பெரியப்பச்சி மகன், எனக்கு அண்ணன் முறை, வளவுத் தேக்குத் தூண்களுக்கு விலை பேசுவது தெரிந்துதான் பாகம் கேட்டு வழக்குப் போட்டோம். பதிலுக்கு அவர் ஒரு தாளை நீட்டினார். 1994 தை மாதம் அப்பச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக, டைப் அடித்த குடும்ப ஏற்பாட்டுக் குறிப்பு. கீழே அப்பச்சி கையெழுத்து. பார்த்தால் அவருடையது போலத்தான் இருந்தது.

கண்டுபிடித்தது நானுமில்லை, வக்கீலுமில்லை, ஆத்தாதான். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் படித்துக் காட்டியபோது, "ஏப்பா, அப்ப ஏது சிவகங்கை மாவட்டம்? பசும்பொன்னுன்னுல்ல இருந்துச்சு" என்றார். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஈப்போவிலிருந்து வந்த கடுதாசிகளை எடுத்துப் போட்டார். 93, 94, 95 எல்லாவற்றிலும் அப்பச்சி கையால் எழுதிய விலாசம், 'பசும்பொன் மாவட்டம்'. 1985 மார்ச்சில் ராமநாதபுரத்திலிருந்து பிரித்தபோது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில்தான் எங்கள் மாவட்டம் உருவானது. 1997இல் தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோதுதான் சிவகங்கை மாவட்டம் ஆனது. 1994இல் எழுதியதாகச் சொல்லும் தாளில் மூன்று இடத்தில் 'சிவகங்கை மாவட்டம்'. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனேன். இதுதான் முதல் தப்பு. "கோர்ட்டுல இருக்கிற டாக்குமென்ட், நாங்க தொட முடியாது, கோர்ட்டுலயே கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை குறைதீர் நாளில் எஸ்.பி. ஆபீஸுக்கும் போனேன். மனு அதே ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தது. மூன்று வாரம் போச்சு.

வக்கீல் பிறகு நிதானமாக விளக்கினார். பொய்யை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். தாளை வெளியே வைத்துத் தயாரித்தது ஒன்று. அதற்குப் போலீஸ் வழக்குப் போடலாம். இக்பால் சிங் மர்வா வழக்கில் 2005இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: நீதிமன்றத்துக்குள் வந்தபிறகு ஆவணத்தில் கைவைத்தால்தான், நீதிமன்றத்தின் புகார் இல்லாமல் வழக்குப் போடக் கூடாது என்ற தடை. (ஸ்டேஷனில் இதைச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாதே.) இரண்டாவது, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னது. இதற்கு நானோ போலீஸோ வழக்குப் போட முடியாது. நீதிமன்றமே விசாரித்து, நீதியின் நலனுக்கு இது தேவை என்று முடிவு செய்து, மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். நாம் மனு போட்டு விஷயத்தைக் கண்ணில் காட்டலாம், அவ்வளவுதான். எதிராளி சொல்வதெல்லாம் பொய் என்று நமக்குத் தோன்றுவது போதாது. தெரிந்தே, வழக்கின் உயிரான விஷயத்தில் சொன்ன பொய்யாக இருக்க வேண்டும், தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பும் இருக்க வேண்டும். கோபத்தில் போடும் மனுக்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றனவாம்.

சரி, மனு போடலாம் என்றால், அபிடவிட்டுக்கும் அந்தத் தாளுக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். போன் படம் செல்லாது. நகல் மனு போட்டுவிட்டுக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் இருந்தேன். யாரும் கூப்பிடமாட்டார்கள்! நகலுக்கு எத்தனை காப்பித்தாள் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனுவை அடித்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போர்டு பாக்கலையா?" என்றார். போர்டு பைக் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், கம்பிவலைக்குப் பின்னால் தொங்குகிறது. மறுபடி முதலிலிருந்து. இந்தமுறை ஒன்றுவிட்ட ஒருநாள் போய்ப் போர்டைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்னொன்று, நகல் கையில் வந்த கையோடு, அசல் ஆவணத்தை நீதிமன்றப் பாதுகாப்பிலேயே வைக்கச் சொல்லித் தனி மனு போட்டுவிடுங்கள். எங்கள் வக்கீல் முதலில் செய்த நல்ல காரியம் அதுதான். அசல் கைநழுவிப் போய்விட்டால் அப்புறம் எதை வைத்துப் பேசுவது?

மனுவை 2024 ஆகஸ்டில் தாக்கல் செய்தோம். பத்து நாளில் ரிட்டர்ன். குமாஸ்தா பழைய ஞாபகத்தில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 340 என்று டைப் அடித்திருந்தார். அந்த ஜூலை 1 முதல் அதற்குப் பதில் புதிய சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), அதில் 379. திருத்திக் கொடுத்தால் மறுபடி ரிட்டர்ன், குற்றப்பிரிவையும் மாற்றிக் கொண்டுவரச் சொல்லி. இங்கே வக்கீல் விட்டுக்கொடுக்கவில்லை. அபிடவிட் போட்டது 2023இல், ஆகவே குற்றத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 193தான், ஏழு வருடம் வரை சிறை. மனுவின் நடைமுறைக்கு மட்டும் புதிய சட்டம். இதை விளக்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த பிறகே மனு ஏற்கப்பட்டு நம்பர் ஆனது. அதற்குள் அக்டோபர்.

நடுவில் மாவட்டப் பெயர் மாறியதற்கு அரசு ஆதாரம் வேண்டும் என்றார்கள். அதற்காக ஓர் அலுவலகத்தில் நான்கு மேசை ஏறி இறங்கினேன். கடைசியில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டதும் பதில் தபாலில் வந்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

வாய்தாக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும். இரண்டு இடத்தில் நானே மாட்டப் பார்த்தேன். ஒருநாள் எரிச்சலில் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நீதிபதியைப் பற்றிக் கண்டபடி எழுதிவிட்டேன். ஆச்சி (எங்கள் பக்கம் அக்கா) மகன் அதை வக்கீலுக்கு அனுப்ப, அவர் போனிலேயே காய்ச்சினார். "அண்ணே, அவமதிப்புச் சட்டத்துல ஆறு மாசம் இருக்கு. நாம பொய்க்கு எதிரா வந்திருக்கோம், நீங்க உள்ள போயிடாதீங்க." உடனே அழித்தேன்.

இன்னொருமுறை, அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த பழைய கணக்குப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினேன். வயதானவர், சின்ன வயதில் எனக்கு நெல்லிக்காய் வாங்கித் தந்தவர், நேரில் கேட்டால் உண்மையைச் சொல்வார் என்று ஒரு நம்பிக்கை. வக்கீல் பாதி வழியில் நிறுத்தினார். நான் போய்ப் பேசினால் சாட்சியைக் கலைத்தேன் என்று கதை திரும்பிவிடும், கூடவே மிரட்டினேன் என்று சேர்த்துவிட்டால் அது தனிக் குற்றம், அதற்கும் ஏழு வருடம் வரை உண்டு. வண்டியைத் திருப்பிவிட்டேன். அந்தப் பெரியவர் விசாரணையில் தானாகவே, "2022ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், திருப்தியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அவர் தரப்பில் அந்த ஆவணத்தை வலியுறுத்தவில்லை என்று மெமோ போட்டார்கள். திரும்பப் பெற்றால் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள் போல. சொன்ன பொய் சொன்னதுதான் என்று உத்தரவில் வந்துவிட்டது. அவர் மேல்முறையீடு போகப்போவதாகக் கேள்வி. போகட்டும், அதே புதிய சட்டத்தின் 380இல் அதற்கும் வழி இருக்கிறது. தூண்கள் இன்னும் வளவில்தான் நிற்கின்றன.

உத்தரவைப் படித்துக் காட்டியதும் ஆத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பச்சி கடுதாசியெல்லாம் எப்பப்பா திரும்பி வரும்?" பதினொரு உறையையும் அசலாக வழக்குக் கட்டோடு சேர்த்துவிட்டோம். வக்கீலைக் கேட்டேன். வழக்கும் மேல்முறையீட்டுக் கெடுவும் முடிய வேண்டுமாம். முன்னாலேயே வேண்டுமென்றால் சான்றிட்ட நகலை வைத்துவிட்டு அசலைக் கேட்டுப் பார்க்கலாமாம்.

நகல் மனு திங்கட்கிழமை போட்டேன். நாளைக்குப் போர்டு பார்க்கப் போக வேண்டும்.