சுவரில் விழும் வளைவும் தாளின் விகிதமும்

கதவு செவ்வகம், கடிகாரம் வட்டம், பந்து கோளம் என்று பெயர் சொல்வதோடு நம்மில் பலருக்கு வடிவியல் முடிந்துவிடுகிறது. அந்தப் பொருளுக்கு ஏன் அந்த வடிவம் வாய்த்தது என்று கேட்கும்போதுதான் கணிதம் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மேசையில் கிடக்கும் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர். காரணமின்றி அமைந்தவை போலத் தோன்றும் இந்த எண்களில் நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம் கிடைக்கிறது. நீளத்தைப் பாதியாக மடித்த பிறகும் பக்கங்களின் விகிதம் மாறாதிருக்க வேண்டுமானால், வேறு எந்த விகிதமும் பொருந்தாது. ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 1786-இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1922-இல் ஜெர்மனி இதைத் தர அளவாக ஏற்றது. நகலெடுக்கும் இயந்திரத்தில் ஏ3 பக்கத்தை ஏ4 ஆகச் சுருக்க 71 சதவீதம் என்று காட்டுவதும் இதே வர்க்கமூலத்தின் தலைகீழ் மதிப்புதான். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதால், நான்கு முறை பாதியாக்கிக் கிடைக்கும் ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று குறிப்பிடப்படும் தாளில் ஓர் ஏடு 5 கிராம் எடையிருக்கும் என்பதைத் தராசின்றியே கூறலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

மூன்று கால் முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்பதற்கு, ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரே ஒரு தளத்தைத்தான் தீர்மானிக்கும் என்பதே காரணம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது வெளிச்சம். கைவிளக்கின் ஒளி ஒரு கூம்பு. சுவர் அதை வெட்டும் தளம். நேராகப் பிடித்தால் வட்டமும், சற்றே சாய்த்தால் நீள்வட்டமும் விழும். கூம்பின் ஒரு விளிம்பு சுவருக்கு இணையாகும் அந்த ஒரே நிலையில், ஒருபுறம் மூடாமல் விரிந்துகொண்டே போகும் வளைவான பரவளையமும், அதற்கு மேலும் சாய்த்தால், இன்னும் அகலமாக விரியும் அதிபரவளையமும் தோன்றும். இருபுறமும் திறந்த உருளை வடிவ மறைப்புள்ள மேசை விளக்கைச் சுவரருகே வைத்தால், மேலும் கீழுமாக விழும் இரண்டு வளைவுகள் அதிபரவளையத்தின் இரு கிளைகளாகும். அவை ஒன்றுக்கொன்று சமச்சீராக இல்லையென்றால், விளக்குக் குமிழ் மறைப்பின் நடு உயரத்தில் பொருத்தப்படவில்லை என்பதைச் சுவரைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.