பரீட்சை இல்லாத அரசு வேலை: மதிப்பெண்ணா, முகவரியா?

குரூப் 4-க்குப் படித்துச் சலித்தவர்கள் அடுத்து தேடுவது "தேர்வு இல்லாமல் அரசு வேலை". அப்படிப்பட்ட வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் தேர்வு இல்லை என்றால் போட்டி இல்லை என்று ஆகாது. வடிகட்டுவது வேறு ஏதோ ஒன்று. சில வேலைகளில் அது பத்தாம் வகுப்பு மதிப்பெண், சிலவற்றில் நீங்கள் குடியிருக்கும் வீடு. இரண்டில் உங்களுக்குப் பலம் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மதிப்பெண் பக்கம் பெரியது அஞ்சல் துறையின் கிராமின் டாக் சேவக். வயது 18 முதல் 40. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும், தமிழைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும், சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். நேர்காணல்கூடக் கிடையாது. 500-க்கு 467 என்றால் 93.4000 என்று நான்கு தசம இடம் வரை கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் எதற்கும் கூடுதல் மதிப்பு இல்லை. சமமாக வந்தால் வயதில் மூத்தவர் முன்னால். 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். அவர்கள் அறிவிப்பில் இதுபற்றிய பத்தியைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கட்டணம் 100 ரூபாய். பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு அதுவும் இல்லை. விண்ணப்பத்தில் ஒரே ஒரு அஞ்சல் கோட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நம் பகுதிக்காரர்கள் காரைக்குடி, சிவகங்கை, புதுக்கோட்டை என்று மூன்று கோட்டத்தின் காலியிடப் பட்டியலையும் இறக்கிப் பார்த்து, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எங்கே இடம் அதிகம் என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள். சொந்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காக, உங்கள் பிரிவுக்கு ஒரே இடம் உள்ள கோட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றும் சோர வேண்டாம். மதிப்பெண் அதிகம் உள்ளவர்கள் பலர் வந்து சேருவதே இல்லை, அதனால் அடுத்தடுத்த பட்டியல்கள் வரும்.

இதில் ஆள் கவிழ்கிற இடம் சாதிச் சான்று. இது மத்திய அரசுத் துறை வேலை. நம் வட்டாட்சியர் கொடுத்த பிசி, எம்பிசி சான்று இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்று வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டுவதற்குள் கடைசி நாள் போய்விடும்.

இதிலேயே கிளை அஞ்சல் அலுவலராக, அதாவது ஊரின் சிறு அஞ்சலகப் பொறுப்பாளராகத் தேர்வானால் இன்னொரு பாடு. அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், அலுவலகத்துக்கு இடமும் நீங்கள்தான் காட்ட வேண்டும். நம்மூரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை, முகப்பு ஒன்றே அஞ்சலகத்துக்குத் தாராளம். ஆனால் ஒரு வீட்டுக்குப் பதினைந்து பங்காளி, ஆளுக்கொரு ஊரில். யாரிடம் கையெழுத்து வாங்குவது? ஒற்றை உரிமையாளர் உள்ள சின்ன வீடே நல்லது. மாதப் படி 12,000-இல் தொடங்கி 29,380 வரை, அதோடு அகவிலைப்படி. உதவி அலுவலர், டாக் சேவக்குக்கு 10,000 முதல் 24,470. இவர்கள் முழுநேர மத்திய அரசு ஊழியர் அல்ல, அந்த ஓய்வூதியமும் இல்லை. பெரும்பாலும் துறைத் தேர்வு எழுதித்தான் மேலே ஏற முடியும். ஆக, பரீட்சை எங்கும் போகவில்லை, உள்ளே காத்திருக்கிறது.

இனி முகவரி பக்கம். அங்கன்வாடி, சத்துணவு, கிராம உதவியாளர் மூன்றும் இதில் வரும். 2025 அங்கன்வாடி அறிவிப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு கேட்டார்கள். இரண்டும் பெண்களுக்கு மட்டும். ஓராண்டு தொகுப்பூதியம், பிறகு பணியாளருக்கு 7,700 முதல் 24,200 வரை. சத்துணவுச் சமையல் உதவியாளருக்குத் தொடக்கத்தில் மாதம் 3,000 ரூபாய்தான், பள்ளிக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கிராம உதவியாளருக்கு 11,100 முதல் 35,100. அதே வட்டத்துக்காரராக இருக்க வேண்டும், அதே கிராமம் என்றால் கை ஓங்கும். தமிழில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார்கள், எழுதச் சொல்வார்கள், சைக்கிள் ஓட்டச் சொல்வார்கள். எழுத்துப் பழக்கம் விட்டுப்போனவர்கள் தினம் ஒரு பக்கம் செய்தித்தாளைப் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

இங்கே விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் குடும்ப அட்டையில். கல்யாணமாகி ஐந்து வருஷம் கல்லல் பக்கம் வாழ்கிற பெண்ணின் பெயர் இன்னும் தாய்வீட்டு அட்டையில் திருப்பத்தூரில் இருக்கும். ஆதாரிலும் அதே பழைய முகவரி. நேரில் பார்த்தால் உள்ளூர்க்காரர், காகிதத்தில் வெளியூர். தாய்வீட்டு அட்டையில் நீக்கல், கணவர் வீட்டு அட்டையில் சேர்த்தல், ஆதாரில் மாற்றம், பிறகு இருப்பிடச் சான்று என்ற வரிசையில் இதை இன்றே தொடங்குங்கள். கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதற்குக் கேட்பது ஆதரவற்ற விதவைச் சான்று. அதைத் தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். காரைக்குடி வட்டத்துக்கு அவர் அலுவலகம் தேவகோட்டையில்.

அறிவிப்பில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு கட்டம், இனச்சுழற்சி. ஒரு மையத்தில் ஒரே காலியிடம் இருந்தால் அது எந்தப் பிரிவுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கும். உங்கள் பிரிவு இல்லையென்றால் அந்த ஊரில் நீங்கள் ஒருவரே விண்ணப்பித்தாலும் கிடைக்காது.

ஊராட்சிச் செயலர் பதவி மதிப்பெண்ணுக்கும் நேர்காணலுக்கும் நடுவில் நிற்கிறது. 2025-இல் மாநிலம் முழுக்க 1,483 இடங்களுக்கு இணையவழியில் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு போதும், 15,900 முதல் 50,400. என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே நல்ல வேலை இதுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சிகள், அங்கே இந்தப் பதவி இல்லை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது சங்கராபுரம் போன்ற ஊராட்சிகள் உள்ளே போய்விட்டன, அங்கேயும் இனி இல்லை.

படித்தவர்களுக்கு இரண்டு வழி. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர், 2025 நிலவரப்படி மாதம் 25,000. நெட், செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளில் ஒன்றோ முனைவர் பட்டமோ வேண்டும். இன்னொன்று காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் திட்டப் பணியாளர், நேர்காணலுக்கு நேரில் போகலாம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

பெயர் ஏமாற்றும் சில வேலைகளும் உண்டு. ரேஷன் கடை விற்பனையாளர் கூட்டுறவுச் சங்க ஊழியர், அரசு ஊழியர் அல்ல. முதல் ஆண்டு 6,250, பிறகு 8,600-இல் தொடங்கும். பிள்ளையார்பட்டி கோயில் நகரத்தார் அறக்கட்டளை நிர்வாகம், குன்றக்குடி கோயில் ஆதீனத்துடையது. அங்கே வேலை கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அறநிலையத் துறை வேலை என்று யாராவது சொல்லி ஐந்து லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக இனிஷியல். நம் பக்கம் அது ஓரெழுத்தோடு நிற்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் "மீனாட்சி ராம.சித.", ஆதாரில் "மீனாட்சி சிதம்பரம்" என்று இருந்தால் சான்று சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்தப் போகாதீர்கள், அது பள்ளி, தேர்வுத் துறை என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். விண்ணப்பத்தை அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தபாலில் என்றால் விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் விண்ணப்பம் வரவே இல்லையே என்று பிறகு சொன்னால், காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் இருக்கும்.